பதினான்காவது பெடியன்

நாலு மாதமாக வாகீசனுக்குக் கனவில் வருவதெல்லாம் பனித்தளம்தான். ஆட்கள் வருவார்கள், வழுக்கிக்கொண்டு போவார்கள், சத்தமே இராது. முகம் தெரியாது, முதுகில் இலக்கம் மட்டும் தெரியும். முப்பத்துநாலு வயதாகியும் கலியாணம் ஆகாத ஒருவனுக்கு வரவேண்டிய கனவா இது என்று தமையன் இரத்தினவேல் கேலி செய்வார். செய்யட்டும். வாகீசனுக்கு அந்தக் கனவு பிடித்திருந்தது.

சென்ற வாரம் நம்மோடு இல்லாதவர்களுக்கு இவ்வளவும் தெரிந்தால் போதும். கலியாண வீடுகளில் கமெரா தூக்கித் திரிந்த வாகீசன், கசெற் பிரதி எடுக்கும் தற்காலிக வேலைக்கென்று போய், ரொறன்ரோவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கி அணி ஒன்றின் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டான். அந்த அணி எதிர்காலத்துக்கென்று பெயர் குறித்து வைத்திருக்கும் பெடியள் பதினாலு பேர். எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது வயது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சின்ன அணிகளில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஆட்டங்களைப் பார்த்து, வெட்டி, ஆளுக்கு இருபது நிமிடக் கசெற்றாகச் சுருக்கிக் கொடுப்பது வாகீசனின் வேலை.

வீட்டுச் செய்தி வேறு. மூன்று வாரத்துக்கு முன் தங்கை நிலாணிக்குக் கலியாணம் நடந்தது. அவள் மொன்றியலுக்குப் போய்விட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் எல்லாரும் கூடியிருந்து வாகீசன் எடுத்த கலியாணக் கசெற்றைப் பார்த்தார்கள். படம் முடிந்ததும் அண்ணி ரதி ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினாள். அன்றைக்கு மூடிய வாயை அவள் இன்னும் திறக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை, 1996 மே முப்பத்தொன்று. நாளைப் பின்னேரம் ஐந்து மணிக்குள் அந்தப் பதினாலு பேரில் பத்துப் பேருக்கு அணி ஒப்பந்தம் கொடுக்கும். மற்ற நாலு பேரையும் கைவிட்டுவிடும். யார் அந்தப் பத்து என்று இன்றைக்கு முடிவு.

விடிகாலையிலேயே வாகீசன் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவர்கள் இருக்கும் வீட்டின் பேஸ்மென்றில், நிலத்தடி அறையில், இரண்டு வீடியோ டெக்குகளுக்கு முன்னால் குந்தியிருந்தான். ரீவியில் ஓடியது ஹொக்கி இல்லை. நிலாணியின் கலியாணம், வெட்டாத முழுக் கசெற், ஆறு மணித்தியாலம். அவன் அண்ணியைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பார்த்த, வெட்டி முடித்த இரண்டே முக்கால் மணித்தியாலப் படத்தில் அவள் இல்லை. ஓரிடத்தில் தட்டு நீட்டுகிற ஒரு கை வருகிறது, அது அவளுடைய கை. வளையலை வைத்துத்தான் அவனுக்கே தெரிந்தது. கலியாணக் கசெற் வெட்டுகிறவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மேடையேறி மாப்பிள்ளை பொம்பிளையோடு நின்று படம் எடுத்தவர்களில் ஒருவர் குறைந்தாலும் குடும்பச் சண்டை வரும். மேடையில் நடக்காததை எல்லாம் தயங்காமல் வெட்டலாம். அண்ணி மேடைக்கே வரவில்லை. வர அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

முழுக் கசெற்றில் அவள் இருந்தாள். எந்த நேரமும் ஓரத்தில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. ஒரு குழந்தை குத்துவிளக்கை நோக்கி ஓடுகிறது, அண்ணி ஏற்கெனவே அங்கே நிற்கிறாள். ஐயர் கை நீட்டுகிறார், கேட்க முன்னமே பூத்தட்டு வந்துவிடுகிறது. ஒரு பெரியவர் பின்னுக்குப் பார்க்காமலே உட்காருகிறார், கதிரை அங்கே இருக்கிறது. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கையில் அந்த மண்டபம் தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தெரிந்தது. எல்லாம் மெதுவாக, தானாக நடந்தன. ஒன்றுமே பிழையாகவில்லை.

வாகீசன் எட்டு இடங்களைக் குறித்துக்கொண்டான். இவற்றை எடுத்துப் படத்தில் ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான். ஆம்பிளையள் எப்போதும் இப்படித்தான், ஒட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள்.

படியில் காலடி கேட்டது. ரதி தேத்தண்ணியோடு வந்தாள். திரையில் தன்னைக் கண்டு நின்றாள். வாகீசன் அவசரமாக, புதுப் பிரதி ஒன்று செய்வதாகவும், அதில் அவளைச் சேர்க்கப்போவதாகவும் சொன்னான்.

"சேக்காதையும்," என்றாள் ரதி.

ஐந்து நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் சொல் அது. வாகீசன் டெக்கை நிறுத்தினான்.

"படத்திலை நான் இல்லை எண்டு எனக்குக் கோவமில்லை, தம்பி. நீர் உம்மட வேலையைச் செய்தனீர். ஆனா பதினொரு பேர் இருந்து பாத்தனாங்கள். அவ்வளவு நேரத்திலை, ரதி எங்கை, அவளைக் காணேல்லையே எண்டு ஒருத்தர் கேக்கேல்லை. என்ரை மனிசனும் கேக்கேல்லை."

அவள் குரலை உயர்த்தவில்லை. கோப்பையை வைத்துவிட்டு மேலே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பின்னால் போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று வாகீசனுக்கு இருந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. தெரியாதபோது மனிதர்களுக்கு எப்போதும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது.

வோர்டன் நிலையத்தில் சப்வே ஏறினான். அவன் சப்வேயில் முக்கால்வாசி நித்திரைதான். நிலத்துக்கு அடியில் ஓடிய ரயில் பள்ளத்தாக்குப் பாலத்துக்கு வந்ததும் வெளிச்சம் ஒரேயடியாக உள்ளே கொட்டியது. கீழே மரங்கள் எல்லாம் புதுப் பச்சை. தூரத்தில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகள் பனிப்புகாரில் மிதந்தன. கனடாவுக்கு வந்த புதிதில் தமையன், அண்ணி, அவன் உட்பட ஆறு பேர் அங்கே ஒரு படுக்கையறையில் இருந்தார்கள். அப்போதும் எல்லாருக்கும் பாய் விரிந்திருக்கும், எல்லாருடைய சப்பாத்தும் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். யார் அதைச் செய்தார்கள் என்று அவன் அன்றைக்கு யோசித்ததில்லை.

பாலத்தின் நடுவில் அவனுக்குப் பதினான்காவது பெடியனின் ஞாபகம் வந்தது.

இக்னேசியஸ். வடக்கே திம்மின்ஸ் பக்கம். பின்னுக்கு நின்று தடுத்து ஆடுகிறவன். மற்றவர்களுடைய கசெற் இருபது நிமிடம் ஓடும், இவனுடையது பதினொரு நிமிடந்தான். அதற்கே வாகீசன் படாதபாடு பட்டான். ஹொக்கியில் கறுத்த ரப்பர் வட்டு ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு பேரும் அடிபடுகிறார்கள். வாகீசன் கலியாணச் சட்டத்தை அப்படியே கொண்டுவந்து, வட்டைத் தொடுகிற கணங்களை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினான். இக்னேசியஸ் வட்டைத் தொடுவது குறைவு. தொட்டாலும் பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிடுவான், அவ்வளவுதான்.

அவன் வட்டைத் தொடாத நேரமெல்லாம் என்ன செய்தான்? அவன் ஆடிய ஆறு ஆட்டம் பார்த்த வாகீசனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ரயில் திரும்ப இருட்டுக்குள் போனது. வாகீசனுக்கு நித்திரை முறிந்துவிட்டது.

கூட்டம் பத்து மணிக்கு. பேச்சு ஆங்கிலத்தில். ஆனால் வாகீசனின் காதில் எந்தப் பேச்சும் தமிழாகத்தான் விழும், நாமும் அப்படியே கேட்போம். இளம் ஆட்டக்காரர் பிரிவுக்குத் தலைவர் அலெக்ஸாண்டர். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு எல்லாம் கட்டத்துக்குள் இருக்கவேண்டும். சுவரில் பெரிய தாள் தொங்கியது. பதினாலு பெயர், சறுக்கு, அடி, உடம்பு, ஆட்ட மூளை என்று நாலு கட்டம், கட்டத்துக்குப் பத்துப் புள்ளி. பக்கத்தில் கிழவர் கஸ்பர். முப்பது வருடம் ஊர் ஊராய்க் காரோட்டிப் பெடியளைத் தேடியவர், இந்த மாதத்தோடு ஓய்வு. இக்னேசியஸைக் கண்டுபிடித்தது அவர்தான். அவனைப் பற்றி அவர் கொடுத்த அறிக்கையில் ஒரேயொரு வரி இருந்தது. 'இவன் இருந்தால் நிம்மதி.'

நிம்மதிக்குக் கட்டம் இருக்கவில்லை.

மதியம் வரைக்கும் பதின்மூன்று கசெற் ஓடியது. மூன்றாவது பெயர்க்காரன் வந்தபோது எல்லாரும் நிமிர்ந்து இருந்தார்கள். அவனும் இக்னேசியஸின் சின்ன அணியிலேயே ஆடுகிறவன், முன்வரிசைக்காரன். காற்றில் போகிற மாதிரிப் போவான். வாகீசன் வெட்டியதிலேயே அழகான கசெற் அதுதான். கடைசியாகப் பதினான்காவது. பதினொரு நிமிடம் முடிந்ததும் அலெக்ஸாண்டர் பேனையை எடுத்து, இவன் ஒன்றும் செய்வதில்லையே என்றார். கஸ்பர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

வாகீசன் அந்த அறையில் இதுவரை வாய் திறந்ததில்லை. கசெற் மாற்றுகிறவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. வேலை கிடைத்தே நாலு மாதம். சொன்னால் தன் பிழை வெளியே வரும், ஒரு கசெற்றில் மட்டும் இல்லை, பதினாலிலும். சொல்லாவிட்டால், கண்காணாத ஊரில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பெடியனுக்கு அது நாளைக்கு அடிக்காது. அவனுக்குப் பயமாக இருந்தது. 

"இது பெடியன்ரை பிழை இல்லை," என்றான். "கசெற்றின்ரை பிழை. வெட்டினது நான். வட்டு இருக்கிற இடத்தை மட்டும் வைச்சிட்டு, அவன் ஆடின ஆட்டத்தை எறிஞ்சுபோட்டன்."

அலெக்ஸாண்டர் பேனையை வைக்கவில்லை, ஆனால் எழுதவும் இல்லை. வாகீசன் முழு ஆட்டக் கசெற் ஒன்றைப் போட்டான். விளக்கை அணைத்தான். வட்டைப் பார்க்கவேண்டாம், இக்னேசியஸின் முதுகில் இருக்கும் நாலாம் இலக்கத்தை மட்டும் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டான்.

வெள்ளைத் தளம் இருட்டில் மிதந்தது. நாலாம் இலக்கம் பின்னுக்கு வழுக்கியது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தது. எதிரணி வந்தது, அந்தப் பக்கம் போக யோசித்தது, வேறு பக்கம் திரும்பிப் போனது. நாலாம் இலக்கம் திரும்ப மிதந்தது. ஒருவரும் விழவில்லை, ஒருவரும் கத்தவில்லை. வாகீசன் இதைத்தான் காலையில் கலியாணக் கசெற்றின் மண்டபத்தில் பார்த்தான்.

ஏழு நிமிடம் கழித்து விளக்குப் போட்டார்கள். அலெக்ஸாண்டர் நேர்மையானவர். தனக்கு ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை என்றார். நடக்காததற்கு எப்படிப் புள்ளி போடுவது என்று உண்மையாகவே கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பெயரையும் வெட்டிவிடலாம் என்று எழும்பினார்.

வாகீசன் கசெற் அறையில் கஸ்பரோடு இருந்து சாப்பிட்டான். பேசாத ஐந்து நாளும் அண்ணி சாப்பாடு கட்டிக் கொடுக்கத் தவறவில்லை. இன்றைக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். கஸ்பர் இரண்டு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இந்தப் பெடியனைப் பார்க்க நாலு தரம் வடக்கே போனதாகவும், திரும்பி வருகிற வழியில் அவன் என்ன செய்தான் என்று ஒரு தரமும் தன்னால் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னார். ஐந்தாந்தரம் போயிருக்கலாம், ஆனால் ஜனவரியில் அவனுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு ஆட்டம் அவன் இல்லை. அவன் இல்லாத ஆட்டத்துக்கு ஒருவன் ஏன் போவான்?

வாகீசனின் கை பாதியில் நின்றது. ரதி எங்கை என்று ஒருத்தர் கேக்கேல்லை.

அந்த ஆறு ஆட்டங்களும் அலுமாரியில் இருந்தன. மூன்றாவது பெயர்க்காரனுக்காக வந்த கசெற்றுகள். இக்னேசியஸின் பெட்டியில் அவற்றுக்கு இடமில்லை, ஏனென்றால் அவன் அவற்றில் இல்லை. வாகீசன் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எல்லாவற்றையும் அள்ளினான். ஒன்றையும் வெட்டவில்லை, எதிரணி கோல் போட்ட இடங்களைக் கண்டுபிடித்து இலக்கம் குறித்தான், அவ்வளவே.

மூன்று மணிக்கு, பெயர் வெட்ட முன்னம் வாகீசன் கேட்டுக்கொண்டபடி, திரும்ப விளக்கை அணைத்தார்கள். இந்த முறை நடந்தது. முதல் கோல் இடப்பக்கத்தால் வந்தது. இரண்டாவதும் இடப்பக்கத்தால். ஏழாவது, எட்டாவது, எல்லாம் அதே வழி. அங்கே ஒருவர் நிற்கவேண்டிய இடம் வெள்ளையாக, வெறுமையாக இருந்தது. அந்த மூன்றாவது பெயர்க்காரன், காற்றில் போகிறவன், இப்போது ஒவ்வொரு முறையும் பாதி வழியில் திரும்பிப் பின்னுக்குப் பார்த்தான். பார்த்துப் பார்த்து அவனுடைய ஆட்டமும் உடைந்துபோனது.

"ஆறு ஆட்டத்திலை எத்தனை கோல் வாங்கினவங்கள்?" அலெக்ஸாண்டர் இருட்டுக்குள் கேட்டார்.

"இருபத்தாறு."

"அவன் வந்த பிறகு?"

"அடுத்த ஆறிலை பதினொண்டு."

அலெக்ஸாண்டர் எழும்பி விளக்கைப் போட்டார். பிறகு வெறுந்தாள் ஒன்றை எடுத்து மேசையில் தள்ளினார். கஸ்பர் போகிறார், போகிறவரின் கையெழுத்து செல்லாது. இந்தப் பெடியனுக்காக நிற்கிறவர் யாரோ அவர் மதிப்பீட்டை எழுதிக் கையெழுத்து வைக்கட்டும், இவன் சரிவராவிட்டால் அந்தப் பெயர்தான் கேட்கப்படும் என்றார். பார்த்தது வாகீசனை.

வாகீசன் எழுதினான். உயரம், எடை, எந்தப் பக்கத்தால் அடிக்கிறான், முறிந்த மணிக்கட்டு எது, எத்தனை வாரத்தில் சுகமானது, பின்னுக்கு வழுக்கும்போது எந்தத் தோளைத் தாழ்த்துவான் என்பது உட்பட ஒரு பக்கம் நிறைந்தது. அடியில், 'இவனை அறிய இவன் இல்லாத ஆட்டங்களைப் பாருங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அலெக்ஸாண்டர் வாசித்தார். சுவர்த் தாளில் பதினான்காம் பெயரை அடித்து ஆறாம் இடத்தில் எழுதினார். பத்தாவதாய் இருந்தவன், பத்துப் பேருக்கு அடியில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே போனான். அவனுடைய கசெற்றையும் வாகீசன் ஆசையோடுதான் வெட்டியிருந்தான், மனம் ஒரு கணம் சுருங்கியது. கஸ்பர் வாகீசனின் கையைப் பிடித்தார், விடவில்லை.

வெளியே மே மாத வெயில். வாகீசன் நிலத்தில் நடந்ததாகத் தெரியவில்லை. சப்வே, பஸ், லோரன்ஸ் வீதி, எல்லாம் அவனைத் தாமே தூக்கிக்கொண்டு போயின. முதலில் அண்ணியிடம் சொல்லவேண்டும். இது என்னுடைய கெட்டித்தனம் இல்லை, காலமை நீங்கள் சொன்ன ஒரு கதை என்று சொல்லவேண்டும். பிறகு மன்னிப்புக் கேட்கவேண்டும், ஒட்டுகிற மன்னிப்பு இல்லை, உண்மையானது. சொற்களைக்கூட அடுக்கிவைத்துக்கொண்டான்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தான். குசினியில் இரத்தினவேல் நின்றார். பேக்கரியில் இரவு வேலை செய்கிறவர். காலையில் வந்து படுத்தால் பின்னேரந்தான் எழும்புவார். கையில் பானை மூடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அட்சயா மேசையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தால் அவளைப் பக்கத்து வீட்டு அருள்நாயகம் கூட்டிவந்து விட்டிருந்தார். அது காலையிலேயே சொல்லி ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது.

"அம்மா said சாப்பாடு ஃபிரிட்ஜிலை," என்றாள் அட்சயா, தலை நிமிராமல்.

வாகீசன் திறந்து பார்த்தான். பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒட்டிய தாளில் அண்ணியின் எழுத்து. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். திங்களுக்குப் பிறகு தட்டு வெறுமையாக இருந்தது. மேலே அறையில் அவளுடைய சின்னப் பெட்டி இல்லை. கடிதம் இல்லை.

"எத்தினை மணிக்குப் போனவ?"

"தெரியாது," என்றார் இரத்தினவேல். சொல்வதா வேண்டாமா என்று யோசித்ததுபோல நின்று, பிறகு சொன்னார். "நான் மூண்டு மணிக்கு எழும்பினனான், தம்பி. ரீவி பாத்தன், பேப்பர் பாத்தன். அஞ்சரைக்குத்தான் கண்டனான், அவ இல்லை எண்டு."

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தமையன் அழுது வாகீசன் பார்த்ததில்லை, இப்போதும் பார்க்கவில்லை, தோள் மட்டும் தெரிந்தது. அவருக்கு ஆறுதல் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று வாகீசனுக்குப் பட்டது.

இரத்தினவேல் ரெலிபோனைத் தூக்கினார்.

"அவ எங்கை போயிருப்பா? ஆரோடை கதைக்கிறவ? ஒரு பேர் சொல்லடா, எடுத்துக் கேப்பம்."

வாகீசன் வாய் திறந்தான். கண்ணால் கண்டிராத ஒரு பெடியனின் தோள் எப்படித் தாழும் என்று இன்றைக்கு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தவன். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற அண்ணிக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாளா, அவள் பெயர் என்ன, இருக்கிறது எந்த ஊரில், ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

தமையன் ரிசீவரைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.